பாட்டி சொன்ன பீப்பாய்

கேள்வி: ஐயா, நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். என் பாட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஏழு வயது. ஒரு நாள் காலை, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் நிரைக்கு (பால்வெட்டும் மர வரிசைக்கு) போயிருந்த நேரத்தில், தலைக்கு மேலே விமானங்கள் சண்டையிட்டதாகவும், அவற்றில் ஒன்று புகைந்துகொண்டே ரப்பர் மரங்களுக்குள் விழுந்ததாகவும் இன்றும் சொல்வார். ‘பீப்பாய்க்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது’ என்பார். தை மாதம் அவருக்குப் பிறந்தநாள். அந்த விமானத்தைப் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்து கொடுக்க ஆசைப்பட்டு 1/72 அளவில் (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் கிட் ஒன்று வாங்கினேன். எல்லாவற்றையும் சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். விமானி அறைக் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது. டெக்கலை (நனைத்து ஒட்டும் சின்னப் படத்தை) தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. ஒட்டிய வரை போதும் என்று மேலே ஸ்பிரே வார்னிஷ் அடித்தேன். விமானமே பாலாடை போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. இதைக் காப்பாற்ற முடியுமா? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் கருவி) வாங்கினால் சரியாகுமா? ‘ஸ்பிட்ஃபயர்தானா அது?’ என்று நண்பர் ஒருவர் வேறு கேட்கிறார். பாட்டிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டிக்கு வித்தியாசம் தெரியாது என்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் அந்த விமானத்தைப் பற்றி உருப்படியான தகவல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னவர் பாட்டி. ஏழு வயதில் பார்த்ததை ஒரே சொல்லில் பிடித்து வைத்திருக்கிறார். அதைக் காதில் வாங்காமல் இணையத்தில் கிட் வாங்கப் போனவர் நீங்கள்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி விடிவதற்கு முன்பே ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அன்று காலையிலேயே உங்கள் ஊர் விமானத் தளத்தின்மீது குண்டுகள் விழுந்தன. அப்போது சுங்கைப்பட்டாணியில் இருந்தவை இரண்டு படைப்பிரிவுகள். ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆம் பிரிவு. அதனிடம் இருந்தவை இரட்டை என்ஜின் பிளென்ஹைம்கள். மற்றது ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் பிரிவு. அது ஓட்டியது பிரூஸ்டர் பஃபலோ என்ற அமெரிக்கச் சண்டை விமானம். ஸ்பிட்ஃபயர் அந்தச் சமயத்தில் மலாயாவில் ஒன்றுகூட இல்லை. உங்கள் நண்பர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

பஃபலோவின் படத்தை ஒருமுறை பாருங்கள். ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளம், கொழுத்த உடம்பு, மழுங்கிய வட்ட மூக்கு, வயிற்றின் நடுவில் செருகியதுபோல் இறக்கை. இறக்கையின் விரிவு 10.67 மீட்டர். மூக்கு வட்டமாக இருப்பதற்குக் காரணம், சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்ட ரைட் சைக்ளோன் என்ஜின். ஸ்பிட்ஃபயரின் மூக்கோ பென்சிலைச் சீவியதுபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும். அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் பீப்பாய் என்று சொல்லாது.

ஆனாலும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காசைச் செலவழிக்க வேண்டாம். பாட்டியிடம் இன்னொரு முறை உட்காருங்கள். முதலில் கேட்க வேண்டியது, அது ஜப்பான்காரன் வந்த காலமா, கம்யூனிஸ்ட் காலமா என்று. சிறு வயது நினைவில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிவதுண்டு. 1948இல் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக அவசரகாலம் தொடங்கிய பிறகு ஸ்பிட்ஃபயர்கள் மெய்யாகவே மலாயாக் காடுகளின்மேல் பறந்து தாக்கின. பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயரைக் கொண்டு நடத்திய கடைசித் தாக்குதலே இங்குதான், 1951 ஜனவரி 1ஆம் தேதி, ஜொகூரில் நடந்தது. அவை ஐந்து இதழ் உந்துவிசிறியும் நீர்த்துளி வடிவக் கண்ணாடியும் கொண்ட பிந்தைய வகை. உங்கள் பெட்டியில் இருக்கும் விமானத்தின் உந்துவிசிறிக்கு மூன்று இதழ் என்றால், அது அந்தப் பிந்தைய வகையும் இல்லை.

அடுத்து, இறக்கையில் இருந்த வட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘சிவப்பு வட்டம் இருந்ததா?’ என்று மட்டும் கேட்டால் பயனில்லை. அன்றைய பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவிலும் சிவப்புதான் இருந்தது. சிவப்பைச் சுற்றி நீலம் இருந்ததா, வெறும் சிவப்பா என்று கேட்க வேண்டும். வெறும் சிவப்பு என்றால், விழுந்தது ஜப்பான் விமானம். அப்போது சக்கரத்தைப் பற்றியும் கேளுங்கள். கெடா, பேராக் வானில் வந்து போனவை பெரும்பாலும் ஜப்பான் தரைப்படையின் விமானங்கள். எல்லாரும் வாய்க்கு வந்தபடி ஜீரோ என்கிறார்கள். ஜீரோ அவர்களுடைய கடற்படைக்குச் சொந்தமானது. தரைப்படையிடம் இருந்த சண்டை விமானங்கள் முக்கியமாக நகாஜிமா கி-43 ஹயபுசாவும் அதற்கு மூத்த கி-27உம். கி-27க்குச் சக்கரம் உள்ளே மடங்காது. பறக்கும்போதும் கால் தொங்கிக்கொண்டே இருக்கும். தரையில் நின்று பார்த்த குழந்தைக்குக் கண்டிப்பாக அது கண்ணில் பட்டிருக்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். ஒரே படத்தைக் காட்டி ‘இதுதானே பாட்டி?’ என்றால், பேரனுக்காகத் தலையாட்டிவிடுவார். பெயர் போடாத நான்கு படங்களை மேசையில் பரப்பிவிட்டு நீங்கள் தேநீர் கலக்கப் போங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைக் கிளறினால் பேச்சு விமானத்தோடு நிற்காது. சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும், மரவள்ளிக்கிழங்கைத் தின்றே கழித்த நாள்களும் சேர்ந்து வரும். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டி கையை வைக்கப்போவது பஃபலோ படத்தின்மீதுதான் என்பது என் கணிப்பு. அந்த நம்பிக்கையில் மேலே போகிறேன்.

இணையத்தில் தேடினால் பஃபலோவைத் திட்டாதவர் இல்லை. ஐரோப்பியப் போருக்கு இது உதவாது என்று முடிவு செய்த பிரிட்டன், வாங்கிய விமானங்களைக் கிழக்கே தள்ளிவிட்டது. ஆசியாவுக்கு இது போதும் என்ற நினைப்பு. பாரம் அதிகம், உயரே ஏறத் திணறும், நம் வெப்பத்தில் என்ஜின் எண்ணெய் கொதிக்கும். ஆனால் இதன் எடை குறைந்த மூத்த வகையை வைத்துக்கொண்டு பின்லாந்துக்காரர்கள் சோவியத் விமானங்களைச் சரமாரியாக வீழ்த்தினார்கள். இன்று உலகில் ஏறக்குறைய முழுசாக மீந்திருக்கும் ஒரே பஃபலோவும் அவர்களுடையதுதான். ஏரிக்கு அடியில் கிடந்து 1998இல் மேலே எடுக்கப்பட்டது. மலாயாவில் பறந்தவற்றில் ஒன்றுகூட முழுசாகத் தப்பவில்லை. பாட்டி பார்த்ததை இனி யாரும் பார்க்க முடியாது.

இப்போது உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். அதைத் தூக்கி எறிய வேண்டாம். பஃபலோவில் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையையும் முதலில் அதன்மேல் செய்து பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளில் இரண்டுக்குக் காரணம் ஒன்றே. நம் காற்றில் இருக்கும் ஈரம்.

ஸ்பிரே வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பைச் சட்டென்று குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், ஐஸ் போட்ட கிளாஸின் வெளியே நீர் கோப்பதுபோல், அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும். காயாத வார்னிஷுக்குள் அது சிக்கிக்கொண்டால் பால் நிறம்தான். என்னையும் இது ஒருமுறை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது. வீடமைப்பு மாதிரிகள் செய்வதுதான் என் பிழைப்பு. ஈப்போவில் தொழில் தொடங்கிய புதிதில், மறுநாள் திறப்புவிழாவுக்கு வைக்க வேண்டிய மாதிரிக்கு, மழை பெய்துகொண்டிருந்த மாலையில் வார்னிஷ் அடித்தேன். காலையில் வந்து பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கூரைகளிலும் பனி பெய்திருந்தது. வாடிக்கையாளர் சிரிக்கவில்லை.

எனவே மழை இறங்கும் மாலையிலோ, இரவிலோ, அதிகாலையிலோ ஸ்பிரேயைத் தொடாதீர்கள். விடியற்காலைக் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் நல்லது என்று தோன்றும். ஈரம் உச்சத்தில் இருப்பதே அப்போதுதான். வெயில் ஏறியபின் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மழையில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டினால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பாலா சேரும், தண்ணீர்தான் சேரும். பாட்டியைக் கேட்டால் சொல்வார். உங்களுக்கு ஒரு நல்ல காலமும் வாய்த்திருக்கிறது. கெடாவில் தை மாதத்தை ஒட்டி வறட்சி வரும், ரப்பர் மரம் இலை உதிர்க்கும். வார்னிஷ் அடிக்க அதைவிட நல்ல பருவம் நம் நாட்டில் கிடையாது. ஒட்டும் வேலையை இப்போதே முடித்துவிட்டு, மெருகு பூசுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

வெளுத்துப்போன ஸ்பிட்ஃபயர்மீது, காய்ந்த நாள் ஒன்றில் அதே வார்னிஷை மிக மெல்லிய படலமாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும். பல சமயம் பால் நிறம் தானாக மறையும். மறையவில்லையென்றால் கவலை இல்லை, அது பயிற்சி விமானம்தானே.

கண்ணாடி வெள்ளை பூத்தது சூப்பர் குளூவின் வேலை. அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பக்கத்துப் பரப்பில் வெண்பொடியாகப் படிகிறது. 2000 எண் உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்து, பிறகு பற்பசையால் மெருகேற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இனிமேல் கண்ணாடிக்குப் பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை மட்டும் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மற்ற இடங்களுக்கு மாதிரி விமானங்களுக்கென்றே விற்கும் நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். அது பசை இல்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை முனையைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் உப்புத்தாள் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்கல் உடைந்தது உங்கள் தவறில்லை. பல வருடம் எங்கோ வெப்பத்தில் கிடந்த கிட்டாக இருக்கும். பழைய தாள் என்று சந்தேகம் வந்தால், தண்ணீரில் போடும் முன் தாள் முழுவதும் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். படலம் மறுபடி பிடிப்புக் கொள்ளும். பிறகு ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். முதலில் தேவைப்படாத ஓர் எழுத்தை நனைத்துச் சோதியுங்கள். புதுத் தாளை, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலமாரி உச்சியில் மட்டும் வைக்காதீர்கள்.

பலர் செய்யும் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சொரசொரப்பான மங்கல் சாயத்தின்மேல் நேரே டெக்கலை ஒட்டுவார்கள். அடியில் காற்று தங்கி, வெளிச்சத்தில் வெள்ளி போல மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கல், எல்லாம் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். இந்த வரிசை மாறக்கூடாது.

ஏர்பிரஷ் வேண்டாம், குறைந்தது இந்த விமானத்துக்கு வேண்டாம். கருவியோடு முடிவதில்லை, கம்ப்ரெஸர் வேண்டும், நம் ஊரில் குழாய்க்குள் சேரும் நீரைப் பிடிக்கும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் நடு இறக்கையில் தண்ணீரைத் துப்பும். இவ்வளவையும் வாங்கி, பழகி, தை மாதத்துக்குள் விமானத்தையும் முடிப்பது நடக்காத காரியம். மலாயாவின் பஃபலோவுக்கு மேலே கரும்பச்சையும் மண்நிறமும், கீழே வெளிர் நிறம். தூரிகையாலேயே அழகாக வரும். ஒரே ஓர் எச்சரிக்கை: தமியா நிறுவனத்தின் சாதாரண அக்ரிலிக் சாயத்தைத் தூரிகையால் பூசினால், இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும். எனாமல் சாயமோ, தூரிகைக்கென்று செய்த அக்ரிலிக்கோ வாங்குங்கள். நீர்க்கக் கலந்து மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சைப் பார்த்தால் அழுகை வரும்; அப்படித்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கிட் வாங்குவது? 1/72 அளவில் பஃபலோ பதினைந்து சென்டிமீட்டர் அகலம்கூட வராது. 1/48 என்றால் இருபத்திரண்டு சென்டிமீட்டர். தொண்ணூறு வயதுக் கண்ணுக்கும் கைக்கும் பெரியதே நல்லது. தமியா 1/48 அளவில் பசிபிக் களத்து பி-339 வகையை வெளியிட்டிருக்கிறது. பிரிட்டிஷ் படை வாங்கியது அந்த வகைதான். அமெரிக்கக் கடற்படை வகையின் பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும், அட்டையைப் படித்து வாங்குங்கள். வாங்கியதும் பிளாஸ்டிக் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் சாயம் பிடிக்காது.

இந்த விமானத்தில் பொறுமையைச் சோதிக்கப்போவது கண்ணாடிதான். பஃபலோவின் கண்ணாடிக் கூண்டில் ஜன்னல் கம்பிகள்போல் அத்தனை சட்டங்கள். சட்டத்துக்கு மட்டும் சாயம் பூச, கண்ணாடியை மறைக்க வேண்டும். ஓரங்களில் மெல்லிய மறைப்பு நாடா, நடுவில் மறைப்புத் திரவம். அந்தத் திரவத்தின் மூடியைத் திறந்ததும் உங்கள் பாட்டிக்கு வாசனை புரிந்துவிடும். கடையில் விற்பவற்றில் பல, உறையாமலிருக்க அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். தோட்டத்தில் மங்கு மங்காகச் சேர்த்ததை நாம் கட்டைவிரல் அளவு புட்டியில், சொல்லவே கூசும் விலைக்கு வாங்குகிறோம். அதற்காக மரத்திலிருந்து நேரே எடுத்துப் பூசிவிடாதீர்கள். சாயத்தின்மேலும் பூச வேண்டாம். அம்மோனியா அக்ரிலிக்கை அரித்துவிடும். கண்ணாடியில் மட்டும் பூசி, சாயம் காய்ந்ததும் ஊசி முனையால் ஓரத்தைத் தூக்கினால் தோல்போல உரிந்து வரும். முடிந்தால் அதைப் பாட்டியையே உரிக்கச் சொல்லுங்கள்.

துப்பாக்கிக் குழாய், ஏரியல் கம்பம் போன்ற முள் சாமான்களைக் கடைசியில் ஒட்டுங்கள். ஏரியல் கம்பியைக் கட்டவே வேண்டாம். கண்காட்சிக்காரர்கள் குறை சொல்லட்டும். பாட்டி அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கப்போவதில்லை, கையில் எடுப்பார், திருப்புவார், வயிற்றைத் தடவுவார். அதனால் சக்கரத்தை வெளியே விடுவதா, உள்ளே மடித்துவிடுவதா என்பதையும் யோசியுங்கள். அவர் பார்த்தபோது அது பறந்துகொண்டிருந்தது. நானாக இருந்தால் சக்கரத்தை மடித்து, கதவுகளை இறுக ஒட்டிவிடுவேன். உடைவதற்குக் கால் இருக்காது.